மை விடாத முடி

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் உரசிப் பார்க்கிற வழக்கமே இல்லாமல் போய்விட்டது. ஒருத்தன் சொல்வான், இன்னொருத்தன் வாங்கிக் கழுத்தில் கட்டிக்கொள்வான். ஏமாந்தது தெரிந்தால் ஏமாற்றினவனைத் திட்டமாட்டான், எடுத்துச் சொன்னவனைத் திட்டுவான். புதுச்சேரியில் எங்கள் நெல்லித்தோப்புக்கு வாரம் தவறாமல் ஒரு கரடிக்காரன் வருகிறான். மூக்கில் கயிறு கோத்த ஒரே ஒரு கரடி. பயந்த பிள்ளைகளுக்கு என்று தெருவுக்கு இருபது தாயத்து விற்கிறான். ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து முடி. அவன் விற்ற முடிக்கு அந்தக் கரடி திருப்பதி போய்வந்த மாதிரி மொட்டையாக இருக்க வேண்டும். அது பாட்டுக்குச் சடை தொங்கத் தொங்க நடக்கிறது. ஒருத்தராவது யோசித்தார்களா?

நான் யோசித்தேன். யோசித்ததை வாய்விட்டும் சொன்னேன். அதனால் வந்த வினைதான் இது.

என் பேர் மண்ணாங்கட்டி. எனக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை என்று, எமன் சீண்டாத பேராகப் பார்த்து வைத்தார்கள். எமன் பேரைப் படித்துவிட்டுத்தான் ஆளைத் தூக்குகிறான் என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. படிப்பு இரண்டு வருஷம். அப்புறம் வெள்ளைக்காரத் துரைமார் செஞ்சி மலைப் பக்கம் வேட்டைக்குப் போகும்போது, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் பதினோரு கரடி விழுந்தது. ஆள் ஒருத்தரும் விழவில்லை. பிரெஞ்சுக் கொடி மாறி, துரைமார் கப்பலேறிப் போய் ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் இப்போது ஒரு மரக்கிடங்கில் காவல்.

எதிர் வீடு பிரான்சுவாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய்வந்த ஆள். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். அவனுடைய மகள் லூர்துசெல்வி, அவளுடைய மகள் அகஸ்டினா, நாலு வயது. மருமகன் கப்பல் வேலைக்குப் போனவன், வருஷத்துக்கு ஒருமுறை வருவான்.

மாசி நடுவிலிருந்து அந்தக் குழந்தைக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் கால் நாழிகைக்குள் வீரிட்டு எழுந்துவிடும். "கறுப்பா வருது, கறுப்பா வருது" என்று கத்தும். டாக்டர் மருந்து கொடுத்தார், சாமியார் மந்திரித்தார். லூர்துசெல்வி தினம் சாயங்காலம் வில்லியனூர் மாதா குளத்துத் தண்ணீரில் ஒரு கரண்டி புகட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. குழந்தை உரித்த கோழி மாதிரி ஆகிவிட்டது. இப்படியே இன்னும் பத்து நாள் போனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கீரைக்காரி செல்வாம்பாள்தான் தாயத்தைக் கொண்டுவந்தாள். "கரடி முடி கட்டிட்டா எந்தக் கறுப்பும் கிட்ட வராது, கட்டுடி பொண்ணே" என்றாள்.

நான் அப்போது அங்கே உட்கார்ந்திருந்தேன். தாயத்தை வாங்கி, மூடியைத் திருகி, முடியை வெளியே எடுத்தேன். கட்டை விரலில் எச்சில் தொட்டு ஒரு தேய் தேய்த்தேன். விரல் கறுப்பானது, முடி பழுப்பானது.

"வெளக்குக் கரி. இது ஆட்டு மயிரு" என்றேன்.

"உனுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். உங்கப்பன் பேரைக்கூட எச்சி தொட்டுப் பாத்துட்டுதான் எழுதுவே" என்று கத்தினாள் செல்வாம்பாள்.

லூர்துசெல்வி கத்தவில்லை. தாயத்தை மடியில் போட்டுக்கொண்டு, "இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சி பெரியப்பா. அதையும் இல்லேன்னு சொல்லிட்டீங்களே" என்றாள். அவள் கண்ணிலும் முப்பது நாள் தூக்கம் நின்றது.

சொல்தா சுருட்டைக் கீழே வைத்தான். "யோவ் மண்ணாங்கட்டி. நெச முடி எங்க இருக்கும்?"

"கரடி மேலதான் இருக்கும்."

"அப்ப கெளம்பு."

கரடி முடி கட்டினால் பயம் போகும் என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பொய் முடி என்று சொன்ன வாய் என்னுடையது. மெய் முடியைக் கொண்டுவர வேண்டிய கால் வேறொருத்தனுடையதாக இருக்க முடியுமா?

மலையில் சுடுவதற்குச் சீட்டு வாங்க எட்டு நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் மத்தியானம் கிளம்பினோம். சொல்தாவிடம் இரட்டைக்குழல் துப்பாக்கி. இடுப்பில் ஒரு நீலச் சீசா, மாதா படம் ஒட்டினது. இதோடு சேர்த்து அவன் வீட்டில் அதே மாதிரி இரண்டு உண்டு, மாதா சுருபத்துக்குப் பக்கத்தில் மாடத்தில் இருக்கும். மாதா தண்ணீர் துணைக்கு வரட்டும் என்று எடுத்து வந்திருப்பான் என்றுதான் நினைத்தேன்.

எல்லையில் பஸ்ஸை நிறுத்திப் போலீஸ்காரர் ஏறினார். அந்தப் பக்கம் மதுவிலக்கு. புதுச்சேரியிலிருந்து போகிற ஒவ்வொரு மூட்டையையும் முகர்ந்து பார்ப்பார்கள். சீட்டையும் துப்பாக்கியையும் பார்த்துவிட்டு, "சீசாவுல இன்னாய்யா?" என்றார்.

"மாதா தண்ணி" என்றான் சொல்தா.

போலீஸ்காரர் நெற்றியில் விபூதி. ஆனாலும் சீசாவை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

பஸ் நகர்ந்ததும் சொல்தா என் காதில், "பிராந்தி" என்றான். சிரிப்பில் அவன் மீசை ஆடியது. "ஒரு சீசாவுல அது, இன்னொண்ணுல இது. பொண்ணுக்குத் தெரிஞ்சா கோவில்ல சாமியார்கிட்ட போய்ச் சொல்லிடுவா."

"குடிச்சிட்டு மலை ஏறுறதா இருந்தா நான் இங்கயே எறங்கிக்கிறேன்."

"ஒரே ஒரு மடக்கு. சுடற நேரத்துல கை நடுங்கக் கூடாதில்ல?"

மலை அடிவாரத்தில் ஒரு பாழடைந்த மண்டபத்தில் படுத்து, கிழக்கு வெளுக்கிறதுக்குள் ஏறினோம். செஞ்சிப் பக்கத்து மலைகள் மலை மாதிரி இருக்காது. யாரோ பெரிய பெரிய பாறைகளைக் கூடையில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். அந்தப் பாறை இடுக்குகளில்தான் கரடி குடியிருக்கும். பங்குனியில் இலுப்பை பூக்கும். கரடி ராத்திரியெல்லாம் அந்தப் பூவைத் தின்றுவிட்டு விடியும்போது மேலே ஏறித் தன் குகைக்குத் திரும்பும்.

நான் நடந்துகொண்டே இருமினேன்.

"இன்னாய்யா, கரடிக்கு வெத்தலை பாக்கு வெச்சிக் கூப்புடறியா?" என்றான் சொல்தா.

"சத்தம் கேட்டா அதுவா ஒதுங்கிப் போவும். திடீர்னு மூஞ்சிக்கு நேரா நின்னம்னா, அது மொதல்ல புடுங்கறது மூஞ்சியைத்தான். பூ மரம் கிட்ட வந்ததும் இருமலை நிறுத்திடுவேன்."

அவன் பட்டாளத்தான். அவனுக்குச் சொல்லித்தர வந்தவனைப் பார்த்தால் எரிச்சல். ஆனாலும் கேட்டுக்கொண்டான். மற்றதையும் சொன்னேன். கரடிக்குக் கண் மந்தம், மூக்கு மந்தமில்லை, காற்று அதனிடமிருந்து நம் பக்கம் வர வேண்டும். அதற்கும் அதன் குகைக்கும் நடுவில் நிற்கக் கூடாது. கீழேயிருந்து மேலே சுடக் கூடாது, சுட்டால் அது உருண்டு நம் தலைமேல்தான் வரும். விழுந்த பிறகும் ஒரு சுருட்டு எரிகிற நேரம் கிட்டே போகாமல் கல் விட்டுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. கறுப்பாகத் தெரிகிறது என்று சுடக் கூடாது. மார்பில் வெள்ளைப் பிறை ஒன்று இருக்கும். அது எழுந்து நின்று அந்தப் பிறை தெரிந்தால்தான் விசையில் விரல் போக வேண்டும். கம்பளி போர்த்திப் பூப் பொறுக்க வருகிற கிழவிக்கு மார்பில் பிறை கிடையாது.

"பிறை தெரியலேன்னா?"

"வீட்டுக்குப் போவணும். அவ்ளோதான்."

ஒரு பக்கமாக உயர்ந்து நின்ற பாறைமேல் ஏறி உட்கார்ந்தோம். கீழே முப்பது தப்படியில் இலுப்பை மரம். அதைத் தாண்டித்தான் நாங்கள் வந்த ஒற்றையடிப் பாதை. பனி இறங்கியிருந்தது. மரம் பனியில் நிற்கிறதா, பனி மரத்தில் நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை. பூக்கள் ஒவ்வொன்றாகச் சொட்டின. காற்றில்லாமலே விழுந்தன. ஒன்று விழுந்து, அடுத்தது விழுவதற்குள் ஒருத்தன் தன் வயசையெல்லாம் நினைத்துப் பார்த்துவிடலாம் போல இருந்தது. வாசம் கள்ளும் வெல்லமும் கலந்த மாதிரி. அதை இழுத்து இழுத்து எனக்குக் கண் சொருகியது. செத்துப்போன என் தாயார் கீழே பூப் பொறுக்குவது தெரிந்தது. தெரிந்ததை நான் நம்பவில்லை. தொடையில் கிள்ளினேன். அவள் போய்விட்டாள். பூ விழுவது மட்டும் நிற்கவில்லை.

பக்கத்தில் சொல்தா சீசாவைத் திறந்தான். நான் கையைப் பிடிப்பதற்குள் ஒரு மடக்கு விட்டுவிட்டான். சீசாவை மூக்கில் வைத்துப் பார்த்தான்.

"மண்ணாங்கட்டி. இது தண்ணிய்யா."

"இன்னா?"

"மாதா தண்ணி. சீசா மாறிப்போச்சி." பனியிலும் அவனுக்கு வியர்த்தது. "அப்ப பிராந்தி மாடத்துல இருக்குது. நேத்து சாயந்திரம் புள்ளைக்கு ஒரு கரண்டி... இன்னா தெம்பு இருக்குது அந்த ஒடம்புல? பாலே தங்கலையே. ஐயோ, எழுந்துரு, எறங்கு, போவலாம்."

அவன் எழுந்தான். நான் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். கீழே இலுப்பை மரத்தடியில் கறுப்பாக ஏதோ குனிந்திருந்தது.

எப்போது வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. கம்பளி போர்த்திய கிழவி மாதிரிதான் இருந்தது. குனிந்து, நகர்ந்து, குனிந்து. பூவை உறிஞ்சுகிற சத்தம் வந்தபோதுதான் கிழவி இல்லை என்று தெரிந்தது. அது நின்ற இடம் எங்கள் பாதையின் வாய். அது போனால்தான் நாங்கள் இறங்க முடியும். அதற்கோ அவசரமில்லை. ஒரு பூ, அப்புறம் இன்னொரு பூ. அதன்பாட்டுக்கு எங்கேயோ தேனீக்கூடு இரைகிற மாதிரி ஒரு முனகல் வந்துகொண்டே இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

"சுட்டுட்டுப் போயிடலாம்" என்று சொல்தா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "முடியும் ஆச்சி, வழியும் ஆச்சி."

"பிறை தெரியட்டும்."

"எம்பேத்தி அங்க செத்துகிட்டு இருப்பாய்யா!"

"அதுக்குன்னு நீ இங்க சாவணுமா? குந்து."

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பனி வெளுத்து, மஞ்சளாகி, இலைக்கு நடுவே ஓடத் தொடங்கியது. காற்று ஒரு தரம் புரண்டது. கரடி தலையைத் தூக்கியது. எங்கள் பக்கம் திரும்பி, இரண்டு காலில் மெல்ல எழுந்து நின்றது. மார்பில் பிறை. மூன்றாம் பிறை அளவுக்கு, பால் கொட்டின மாதிரி. அதற்கு மேலே ஒரு நீள மூக்கு எங்களைத் தேடி ஆடியது. இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு சரியாக ஒரு கரடி எனக்கு முன்னால் நின்றதில்லை.

"இப்ப" என்றேன்.

அவன் சுடவில்லை.

"இப்ப சுடு!"

துப்பாக்கி தோளில்தான் இருந்தது. கை நடுங்கவில்லை. விரல் மட்டும் விசைக்கு வெளியே இருந்தது. பட்டாளத்தானாம், கடைசியில் பயந்துவிட்டான் என்று நினைத்தேன்.

கரடி கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. அப்புறம் நாலு காலில் இறங்கித் திரும்பியது. அப்போதுதான் நான் பார்த்தேன். அதன் முதுகில், சடைக்குள்ளே முகம் புதைத்து, இரண்டு கைப்பிடி முடியைப் பற்றிக்கொண்டு ஒரு குட்டி தூங்கியது. முனகல் அதனுடையது. தாய் பாறை பாறையாகத் தாவி ஏறியது. குட்டி எழுந்திருக்கவில்லை. பிடியும் விடவில்லை. இருண்ட இடுக்கு ஒன்று இரண்டையும் விழுங்கிக்கொண்டது. முனகல் மட்டும் கொஞ்ச நேரம் பனியில் தங்கியிருந்தது.

"நிக்கும்போது தோளுக்குப் பின்னால இன்னொரு தலை தெரிஞ்சிது. சின்னதா ரெண்டு காது" என்றான் சொல்தா. "பிராந்தி குடிச்சிருந்தா, ரெண்டு தலையும் போதைன்னு நெனைச்சி சுட்டிருப்பேன்."

எனக்கு அந்தக் காது தெரியவில்லை. பிறையைப் பார், பிறையைப் பார் என்று சொல்லிச் சொல்லி, நான் பிறையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். முந்தின பதினோரு தரமும் வேறு எதைப் பார்க்காமல் விட்டேனோ தெரியாது. அதை அவனிடம் சொல்லவில்லை.

இறங்கும்போது இலுப்பையின் அடிமரத்தைப் பார்த்தேன். கரடி முதுகு தேய்த்த இடம் வழுவழுவென்று இருந்தது. பட்டை வெடிப்பில் ஒரு பிடி முடி சிக்கியிருந்தது. விரல் நீளம், முரட்டு முடி. பறித்துத் துண்டின் முனையில் முடிந்துகொண்டேன். சொல்தா நிற்கவே இல்லை, முன்னால் ஓடிக்கொண்டிருந்தான்.

திண்டிவனம் வரை நெல் லாரி, அப்புறம் பஸ். பஸ்ஸில் அவன் செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தான். "தூங்கணும்னு கேட்டேன். இப்படித் தூங்கணும்னு கேக்கலையே மாதாவே" என்று ஒரு தரம் வாய்விட்டுச் சொன்னான். பக்கத்தில் இருந்த ஆள் நகர்ந்து உட்கார்ந்தான்.

நெல்லித்தோப்பில் இறங்கும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வீடு திறந்திருந்தது. சத்தமே இல்லை. நாற்பது நாளாக அழுகை கேட்ட வீடு அது. சொல்தா வாசப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். நான்தான் உள்ளே போனேன்.

லூர்துசெல்வி அடுப்படியில் குனிந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். முதுகில் பழைய புடவையால் இழுத்துக் கட்டியபடி அகஸ்டினா. கன்னம் ஒரு பக்கமாக நசுங்கி, வாய் திறந்து தூங்கியது. இரண்டு கைக்குள்ளும் அவள் தாயின் அவிழ்ந்த கூந்தல்.

"ஷ்ஷ்" என்றாள் அவள்.

சொல்தா பின்னால் வந்து, "அந்தத் தண்ணியைக் குடுத்தியா? மாடத்துல இருந்தது?" என்று கேட்டான்.

லூர்துசெல்வி நிமிராமலே திரும்பிப் பார்த்தாள். "நான் சொல்தா பொண்ணுப்பா. கரண்டியில ஊத்தும்போதே வாடை தெரியாதா எனக்கு? எல்லாத்தையும் சாக்கடையில கவுத்துட்டேன். மாதா படம் ஒட்டுன சீசாவுல வெச்சிருக்கியே, வயசு இன்னா ஆவுது உனுக்கு?"

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவன் தரையில் உட்கார்ந்தான். சந்தோஷத்தில் பாதி, சாக்கடையை நினைத்துப் பாதி.

"அப்ப புள்ளை எப்படித் தூங்குச்சி?" என்றேன்.

"விடியக்காலம் வெள்ளாப்புல வாசல் தெளிக்கக் குனிஞ்சேன் பெரியப்பா. ராத்திரி பூரா கத்திட்டு, பின்னால வந்து முதுகுல தொத்திகிச்சி. முடியைப் புடிச்சிகிச்சி. அப்படியே கண்ணை மூடிடுச்சி. எறக்குனா முழிச்சிக்கும்னு கட்டிகிட்டு வேலை பாக்கறேன். கஞ்சிக்கு ஒரு தரம் முழிச்சிது. குடிச்சிட்டு மறுபடியும் தூங்கிடுச்சி. கத்தலை."

சொல்தா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டான். "வெள்ளாப்புல" என்றான் என்னைப் பார்த்து. "அதே நேரம்யா." இலுப்பை மரம், பிறை, முதுகில் தூங்கின குட்டி எல்லாவற்றையும் மகளிடம் மெதுவான குரலில் சொன்னான். அவள் மீனை விட்டுவிட்டுக் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுடைய கை தானாகப் பின்னால் போய்க் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டது.

செல்வாம்பாள் கீரைக்கூடையோடு வாசலில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். "நான் சொன்னேனா இல்லியா? கரடி முடி ஊருக்குள்ள வர்றதுக்கு மின்னாடியே வேலை செஞ்சிடுச்சி."

"ஊருக்குள்ள வராமலே வேலை செய்யும்னா நாங்க எதுக்கு மலை ஏறணும்?" என்றேன். "நாப்பது நாள் தூங்காத புள்ளை நாப்பத்தோராம் நாள் அசந்து தூங்கத்தான் செய்யும். தாய் முதுகு சூடு. அவ்ளோதான் சங்கதி."

"அப்ப கரடி?"

"கரடி பூத் தின்ன வந்துச்சி."

"நீ சாவும்போதுகூட எமன்கிட்ட சீட்டு கேப்பே" என்றாள் அவள்.

துண்டு முனையை அவிழ்த்து முடியை லூர்துசெல்வியிடம் கொடுத்தேன். அவள் அந்தப் பொய்த் தாயத்தின் குப்பியிலேயே அதைத் திணித்து மூடிக் கொடுக்க, சொல்தா குழந்தையின் கழுத்தில் கட்டினான். பக்கத்திலேயே மாதா பதக்கமும் தொங்கியது. கட்டும்போது அகஸ்டினா அசைந்தது. அது தாயின் கூந்தலை இன்னும் கொஞ்சம் சேர்த்து இழுத்துக்கொண்டு, தேனீ இரைகிற மாதிரி முனகியது. சொல்தா என் கையைக் கிள்ளினான். எல்லாக் குழந்தையும் தூக்கத்தில் முனகும் என்றேன்.

காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வேண்டாம் என்று எழுந்து நடந்தேன். தெருமுனையில் கரடிக்காரன் வந்துகொண்டிருந்தான். அவன் கரடி என்னைக் கடக்கும்போது நின்று, என் துண்டை முகர்ந்தது. கயிற்றை இழுத்தும் கொஞ்ச நேரம் நகரவில்லை. பார்த்தால் துண்டு முனையில் ஒரே ஒரு முடி ஒட்டியிருந்தது.

கரடி போன பிறகு அதை எடுத்தேன். என் கையாலேயே மரத்திலிருந்து பறித்த முடிதான். இருந்தாலும் கட்டை விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மை வரவில்லை. இன்னொரு தரமும் தேய்த்தேன். வரவில்லை.

அதனால் மட்டும் என்ன ஆகிவிட்டது? முடி மெய்யாக இருந்தால் தூக்கமும் அதனால் வந்ததாகிவிடுமா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காவலுக்கு நேரமாயிற்று என்று நடந்தேன்.